துலாக்கோலும் எடைக்கல்லும்

நீதியைப் பற்றிப் பேசும்போது துலாக்கோலை உவமை காட்டுவது தமிழர் மரபு. வள்ளுவப் பெருந்தகையும் நடுவுநிலைமைக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்து, அதனுள் துலாக்கோலையே சான்றோர்க்கு உவமையாக வைத்தார். இரு தட்டுகளும் ஒத்து நிற்க, முள் நடுவே நிலைத்திருப்பதைக் காணும் கண்ணுக்கு ஒரு நிறைவு உண்டாகின்றது. அந்த நிறைவையே நீதி என்று மனமும் நம்பிவிடுகின்றது.

எனினும் ஒரு வினா எழாமல் இல்லை. தட்டுகள் சமமாக நின்றுவிட்டால் நீதி விளைந்துவிடுமா? நம் சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் காய்கறி வாங்குவோர் தராசின் முள்ளைக் கூர்ந்து நோக்குவர், விற்பவரும் நோக்குவார். வாங்குபவர்க்கும் விற்பவர்க்கும் இடையே வழக்கு எழலாம். இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளவும் செய்வர். ஆனால், தட்டில் கிடக்கும் எடைக்கல்லை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அது கல், கேட்க வேண்டியதும் இல்லை. அந்த எடைக்கல்லின் இடத்தில் மனிதரை வைத்தால் என்ன ஆகும்?

இது கற்பனை வினா அன்று. அரசியல் வரலாற்றில் மனிதர் எடைக்கல்லாக வைக்கப்பட்டதுண்டு. கடல் கடந்த அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. நமக்கு மிக அண்மையில், நம் மொழி பேசும் மக்களிடத்தே, இலங்கையிலும் நிகழ்ந்தது. இரண்டு நாடுகளிலும் தராசைச் சமன்செய்ய அறிவிற் சிறந்தோர் பல்லாண்டு உழைத்தனர். இரண்டிலும் முடிவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து, சமநிலை வேறு, நீதி வேறு என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கத் தராசு

1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் அமெரிக்க அரசியலமைப்பை வகுக்கக் கூடியோர் முன்னே ஒரு சிக்கல் நின்றது. பிரதிநிதிகள் அவையில் மாநிலங்களுக்கு மக்கள் தொகைக்கேற்ப இடம் தருவது என்று முடிவாயிற்று. அடிமைகளை மக்கள் தொகையில் சேர்ப்பதா, விடுவதா? இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். அடிமைகளை முழு மனிதராக எண்ண வேண்டும் என்று வாதிட்டவர் அடிமைகளை வைத்திருந்த தென் மாநிலத்தார். எண்ணவே கூடாது என்றவர் வட மாநிலத்தார். மனிதரைப் பொருளாக விற்று வாங்கியோரே, இடம் பெறும் வேளையில் அவரை மனிதர் என்றனர். இறுதியில் ஐந்து அடிமைகளை மூவராகக் கணக்கிடுவது என்று இரு தரப்பும் இணங்கின. அந்த ஐவரில் ஒருவருக்கும் வாக்குரிமை இல்லை. அவர்களுடைய தலைகளை எண்ணிக் கிடைத்த இடங்களில், அவர்களை அடிமைப்படுத்தியோரின் பிரதிநிதிகள் அமர்ந்தனர்.

மற்றோர் அவையான செனட்டில் மாநிலத்துக்கு இருவர் என்பது விதி. ஆகவே, அடிமை மாநிலங்கள் எத்தனை, அடிமை இல்லாத மாநிலங்கள் எத்தனை என்பதே நாட்டின் உயிர்நாடியான கேள்வி ஆயிற்று. 1819இல் பதினொன்றுக்குப் பதினொன்று என்று தராசு நின்றது. அப்போது மிசூரி அடிமை மாநிலமாக நுழைய விரும்பியது, முள் ஆடிற்று. மாசசூசெட்ஸிலிருந்து மெய்ன் பகுதியைப் பிரித்து 1820இல் அடிமை இல்லாத மாநிலமாகச் சேர்த்தனர். மறு ஆண்டில் மிசூரியையும் சேர்த்தனர். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு! பின்னர் ஆர்கன்சாசுக்கு ஈடாக மிச்சிகன். புளோரிடா, டெக்சஸ் இரண்டுக்கும் ஈடாக அயோவா, விஸ்கான்சின். 1848இல் பதினைந்துக்குப் பதினைந்து என்று தராசு மீண்டும் நின்றது.

1850இல் கலிபோர்னியா அடிமை இல்லாத மாநிலமாக நுழைந்தபோது முள் ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்கு ஈடாக, தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்களிலும் பிடித்துத் திருப்பி அனுப்பக் கடுமையான சட்டம் இயற்றினர். ஒரு மாநிலத்தின் எடைக்கு ஈடாகத் தப்பியோடியோரின் விடுதலையைத் தட்டில் வைத்தனர் என்பதே இதன் பொருள். பத்தாண்டுகளில் லிங்கன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1861 ஏப்ரலில் போர் மூண்டது. 1865இல் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இவ்வளவு நுட்பமாகச் சமன் செய்தும் தராசு ஏன் உடைந்தது? இரு தரப்பாரும் ஒருவரையொருவர் கேட்டனர். எடைக்கல்லாய்க் கிடந்தோரை எவரும் கேட்கவில்லை.

இலங்கையில் ஐம்பதுக்கு ஐம்பது

இனி நம் அண்டை நாட்டுக்கு வருவோம். தோட்டத் தொழிலாளர் வாழ்வையும் அமெரிக்க அடிமை முறையையும் ஒன்றெனக் கூறுவது என் கருத்தன்று. விலைக்கு விற்கப்பட்ட மனிதர் வேறு. கூலிக்கு வந்து கடனில் கட்டுண்ட மனிதர் வேறு. ஆனால், தலைக்கணக்கில் சேர்த்துக்கொண்டு, வாக்குக்கணக்கில் விலக்கிவைக்கும் அந்த ஒரு செயலில் இரண்டு வரலாறுகளும் வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துச் செல்ல, முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் மக்கள் சென்றனர். மலைநாட்டின் லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். நாள்தோறும் விடியலில் பெரட்டுக்களத்தில் நின்று எண்ணப்பட்டனர்; மாலையில் அவர்கள் கொய்த கொழுந்து நிறுக்கப்பட்டது. நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர் மட்டுமே விழும். ‘பேர்’ என்பது அங்கே ஒரு நாள் கூலியின் பெயர். முழு மனிதர் உழைத்தும் அரை மனிதராகக் கணக்கில் ஏறும் வழக்கத்தை அம்மக்கள் நாடாளுமன்றம் காண்பதற்கு முன்பே கண்டவர்கள்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கி, வயது வந்தோர் வாக்குரிமையைக் கொணர்ந்தது. பெரும்பான்மையினர் ஆட்சி முழுவதையும் தம் கைக்குள் கொண்டுவிடுவரோ என்ற அச்சம் சிறுபான்மையோரிடம் பிறந்தது. அவ்வச்சத்திற்குக் குரல் கொடுத்தவர் வழக்கறிஞர் ஜி. ஜி. பொன்னம்பலம். சட்டசபை இடங்களில் பாதி சிங்களவர்க்கு; மறுபாதி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் முதலிய ஏனையோர் அனைவர்க்கும். இதுவே ‘ஐம்பதுக்கு ஐம்பது’ எனப் புகழ்பெற்ற சமபலக் கோரிக்கை. 1944இல் அவர் தமிழ்க் காங்கிரஸைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு இறுதியில் இலங்கை வந்த சோல்பரி ஆணைக்குழுவின் முன் இக்கோரிக்கையை விரிவாக எடுத்துரைத்தார். ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை. மாறாக, ஒரு சமூகத்தாருக்கு மட்டும் தடைகளை விதிக்கும் சட்டம் செல்லாது எனும் 29ஆம் பிரிவு அரசியலமைப்பில் இடம் பெற்றது. 75,000 பேருக்கு ஓர் இடம் என்பதோடு, ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் இடம் என்ற விதியும் சேர்ந்தது. மக்கள் குறைவாய் வாழும் பரந்த பகுதிகளில் உள்ள சிறுபான்மையோர்க்குச் சற்றுக் கூடுதல் இடம் கிட்டட்டும் என்பது அதன் கருத்து.

இங்கே 1946ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நினைவிற் கொள்ள வேண்டும். அக்கணக்கின்படி இலங்கைத் தமிழர் நூற்றுக்குப் பதினொருவர். மலையகத் தமிழரோ நூற்றுக்குப் பதினொருவருக்கும் மேல், ஏறத்தாழ 7,80,000 பேர். சிறுபான்மையோர் அனைவரையும் கூட்டினால், அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். எனவே அந்த இரண்டாம் ‘ஐம்பதின்’ தட்டில் மிகக் கனமான எடையாய் அமைந்தவர்கள் தேயிலை கொய்த அம்மக்களே.

கழிக்கப்பட்டோரும் கூட்டப்பட்டோரும்

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டில் பல இடங்களை வென்றது; வேறு சில தொகுதிகளில் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. 1948 பிப்ரவரியில் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. தாம் இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்தவர் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்றது சட்டம். பிறப்புப் பதிவு அரிதாயிருந்த லயன் வாழ்வில் அத்தகைய சான்றுக்கு எங்கே போவது? 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடியுரிமை இல்லாதோரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கினர். பதிவு மூலம் குடியுரிமை பெற மற்றொரு சட்டம் வழி காட்டியது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. இறுதியில் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிட்டியது. 29ஆம் பிரிவு காக்கும் என்று நம்பி வழக்காடியோரும் தோற்றனர். சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. ஆகவே அது செல்லும் என்ற நிலையே 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரையில் நிலைநின்றது.

இதன்பின் நிகழ்ந்ததே நம் வினாவின் மையம். வாக்குப் பறிபோன பிறகும் அம்மக்கள் தலைக்கணக்கிலிருந்து நீக்கப்படவில்லை. மாகாணங்களுக்கு இடம் ஒதுக்கும்போது, குடிமக்கள் எத்தனை பேர் என்று பாராமல், வாழ்வோர் எத்தனை பேர் என்றே பார்த்தனர். 75,000 பேருக்கு ஓர் இடம் என்னும் விதிப்படி, நாடற்றவராய் நின்ற தொழிலாளர் தலைகளுக்கும் மலைநாட்டு மாகாணங்களில் இடங்கள் கிடைத்தன. அவ்விடங்களுக்கு உரியோரைத் தேர்ந்தெடுத்தவரோ பக்கத்துக் கிராமங்களில் வாழ்ந்த கண்டிச் சிங்கள வாக்காளர். ஒரு தொகுதியில் வாழ்வோரில் பாதிப்பேர் வாக்கற்றவர் என வைத்துக்கொள்வோம். எஞ்சிய பாதிப்பேரின் ஒவ்வொரு வாக்கும் இரண்டு வாக்கின் வலிமை பெற்றுவிடுமன்றோ? சிறுபான்மையோர் நலனுக்காக வகுத்த விதி, அவர்களுக்கு எதிரான தட்டில் எடையைக் கூட்டிற்று.

அமெரிக்காவில் ஐவர் மூவராயினர். இலங்கையிலோ ஐவரும் ஐவராகவே எண்ணப்பட்டனர். குரல் மட்டும் ஒருவருக்கும் இல்லை. 1947இல் நுவரெலியாவிலிருந்து தேர்வான சௌமியமூர்த்தி தொண்டமான், மீண்டும் மக்கள் வாக்கால் நாடாளுமன்றம் புக 1977 வரை முப்பதாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் அவர் நியமன உறுப்பினராக மட்டுமே அமர முடிந்தது.

இதற்குப் பெரும்பான்மையினரை மட்டும் குறை கூறித் தமிழராகிய நாம் அமைதி கொள்வோமானால், அது நடுவுநிலைமை ஆகாது. சிங்களவரான இடதுசாரித் தலைவர்கள் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தனர். ஐம்பதுக்கு ஐம்பது கேட்டபோது மலையக மக்களைத் தம் தட்டில் எண்ணிக்கொண்ட தமிழ்த் தலைமையோ, அவர்கள் வாக்கிழந்தபோது இரண்டுபட்டது. பொன்னம்பலம் முதற்சட்டத்தை எதிர்த்தார் எனினும், 1948 செப்டம்பரில் சேனநாயக்க அமைச்சரவையில் இடம்பெற்றார். அடுத்த மசோதாவை ஆதரித்தார். அதனை ஏற்காத எஸ். ஜே. வி. செல்வநாயகமும் அவரைச் சார்ந்தோரும் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர். எண்ணிக்கைக்குத் தேவைப்படும்போது ‘நம்மவர்’. இடர் வரும்போது ‘அவர்கள்’ என்னும் மனநிலை எந்த இனத்துக்கும் தனியுரிமை அன்று.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை இன்னுமொரு நிறுவை. 9,75,000 பேர் நாடற்றவர் என்று கணித்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் எனப் பங்கிட்டனர். எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கணக்கில் பிழையில்லை. அம்மக்களின் தலைவர்களை முறையாகக் கலந்துகொள்ளாமல் போட்ட கணக்கு என்பதே அதன் பிழை. அக்கணக்கின் வழியே தாயகம் திரும்பியோர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மட்டுமல்லாது, நம் கர்நாடகத்தின் தென் கன்னட மாவட்டத்துச் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களில் அமைந்த ரப்பர்த் தோட்டங்களிலும் குடியமர்த்தப்பட்டனர்.

மறுப்பும் விடையும்

இங்கே ஒரு மறுப்பை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். “சமநிலை தேடியது தவறா? 1820இல் செய்த இணக்கம் நாற்பதாண்டுகள் போரைத் தள்ளி வைத்ததே! சிறுபான்மையோர் பாதுகாப்புக் கேட்பது குற்றமா? அவர்கள் அஞ்சியபடியே 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்ததே. 1972இல் 29ஆம் பிரிவும் மறைந்ததே. 1983 ஜூலை முதல் 2009 மே வரை நாடு போரில் வெந்ததே!” என்று கேட்கலாம்.

முதற் கேள்விக்கு விடை: நாற்பதாண்டு அமைதி யாருக்கு அமைதி? 1820இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 15 லட்சமாக இருந்த அடிமைகள், 1860இல் 40 லட்சத்தை நெருங்கினர். மேசையைச் சுற்றி அமர்ந்தோர்க்கு அது அமைதிக்காலம். பருத்தி வயலில் நின்றோர்க்கு அவ்வாறு இல்லை. அமைதியை அளக்கும்போது, அதன் விலையை யார் செலுத்தினர் என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி கனமானது. சிறுபான்மையோர் அச்சம் பொய்யன்று. அவர்க்கு அரண் வேண்டும் என்பதும் நீதியே. மெலிந்தோரைக் காக்க எழுப்பும் சமநிலை வேறு. வலியோர் இருவர் தமக்குள் செய்துகொள்ளும் சமநிலை வேறு. இவற்றைப் பிரித்தறிய ஒரே ஓர் உரைகல் உண்டு. தட்டில் ஏறியவரின் கை, தராசின் கோலையும் பற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பற்றியிருந்தால் அவர் பங்காளர், இல்லையேல் எடைக்கல். ஐம்பதுக்கு ஐம்பது என்ற கோரிக்கையின் குறை அதிகம் கேட்டதில் இல்லை. தன் தட்டிலேயே மிகுந்த எடையாய் இருந்தோரின் வாக்குரிமையைத் தன் உயிர்நிலையாகக் கொள்ளாததே அதன் குறை. அவர்கள் கை கோலிலிருந்து அகன்றதும், அந்தத் தட்டே மேலெழுந்துவிட்டது. 1948இல் மெலிந்தோரைக் காக்கத் தவறியோர், 1956இல் தம்மைக் காத்துக்கொள்ளும் வலிமையையும் பெருமளவு இழந்திருந்தனர். அறத்தின் கணக்கும் அரசியலின் கணக்கும் இங்கே ஒன்றாகவே முடிகின்றன.

அமெரிக்கர் போருக்குப் பின் இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்தனர். 1865இல் அடிமை முறை ஒழிந்ததும், ஐவர் மூவர் என்ற கணக்கும் ஒழிந்தது. விடுதலை பெற்றோர் முழுமையாக எண்ணப்பட்டனர். அவர்க்கு வாக்கு மறுத்தால் தென் மாநிலங்களுக்கு முன்னைவிட மிகுந்த இடங்கள் சும்மா கிடைத்துவிடும்! ஆகவே, வாக்கை மறுக்கும் மாநிலத்துக்கு அதற்கேற்ப இடங்கள் குறையும் என்று 1868இல் அரசியலமைப்பைத் திருத்தினர். சிறந்த விதி, ஆனால் செயற்படுத்தப்படவில்லை. தென் மாநிலக் கறுப்பினத்தார் அச்சமின்றி வாக்களிக்க 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருந்தனர். இலங்கையிலும் 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே எஞ்சிய நாடற்றோர் குடியுரிமை எய்தினர். ஏட்டில் எழுதிய நீதி வீட்டுக்கு வந்து சேர எத்தனை தலைமுறை கழிகின்றது!

நம் கடன்

அரசாங்க அலுவலகத்தில் நாள்தோறும் படிவங்களோடு பழகுபவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். கூட்டுத்தொகை சரியாக இருந்தால் கோப்பு நகர்ந்துவிடும். பத்தியில் எழுதிய எண்ணுக்குப் பின்னால் நிற்பவர் யார், அவரை ஒருவராவது கேட்டனரா என்பதை எழுதப் படிவத்தில் இடம் இருப்பதில்லை. அந்த இடத்தை நிரப்புவது படிவத்தின் வேலையன்று. குடிமக்களின் மனச்சான்று செய்ய வேண்டிய வேலை.

பெங்களூர்த் தமிழராகிய நமக்கு இவ்வினா தொலைவில் உள்ளதன்று. நம் முன்னோரிற் பலர் படையோடும் பணியோடும் தண்டுப் பகுதிக்கு வந்து குடியேறியோர். 1881 முதல் 1947 வரை அப்பகுதி மைசூர் ஆட்சிக்கு உட்படாமல் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கீழ் இருந்தது. ஊருக்குள் இருந்தும் ஊரின் ஆட்சிக்குள் இல்லாத நிலையை அவர்கள் அறிவர். இன்றோ இந்நகரில் கட்டடம் எழுப்பவும் தெருக் கூட்டவும் வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தோர் எண்ணற்றோர். வாழும் இடத்தில் அவர்கள் தலை எண்ணப்படும். வாக்கோ பலருக்குச் சொந்த ஊரிலேயே கிடக்கும். இதனை 1949ஆம் ஆண்டுக் கொடுமையோடு ஒப்பிடுவது தகாது. இங்கே பெயரைப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் தடையாக நிற்கவில்லை. ஆயினும், நம் நகரின் எண்ணிக்கையைப் பெருக்கும் அவர்களின் குரல், நகர் பற்றிய முடிவுகளில் எவ்வளவு கேட்கின்றது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது கடனாகும். நேற்று எடைக்கல்லாய் இருந்தோரின் வழித்தோன்றல், இன்று பிறரை எடைக்கல்லாய்க் காண்பது தகுமோ?

துலாக்கோல் நல்ல உவமையே. அதனை ஆண்ட சான்றோர் ஒருபாற் கோடாத நெஞ்சையே கருதினர். தட்டில் மனிதரை ஏற்றுவதைக் கருதவில்லை. இனி யாரேனும் “தட்டுகள் சமமாயின, ஆகவே நீதி பிறந்தது” என்று கூறுவாராயின், முள்ளைப் பார்ப்பதோடு நில்லாது, தட்டில் இருப்போரை நோக்கி, “உம்மைக் கேட்டார்களா?” என்று வினவுவோமாக. அவ்வினாவுக்கு ‘ஆம்’ என்ற விடை வரும் நாளில்தான் சமநிலை, நீதி என்னும் பெயருக்கு உரியதாகும்.